எட்டாத சுருதி

ஒரு சின்னச் சபையிலே பாட்டை எடுத்துக் கொடுக்கிற வேலை ஆர்மோனியப் பெட்டிக்கு. அது சுருதி தந்த பிறகுதான் ஜனங்கள் வாய் திறப்பார்கள். அந்தப் பெருமை அதற்குக் கொஞ்சம் உண்டு.

"அக்கா, இன்னிக்கு ஒரு கட்டை ஏத்திப் பிடிங்க. கூரை அதிரட்டும்!" என்றது கஞ்சிரா.

ஆர்மோனியம் ஏற்றிப் பிடித்தது. பாட்டு மேலே போகப் போக ஜனங்களின் குரல்கள் ஒவ்வொன்றாய் அடங்கின. கடைசி அடியில் ஆர்மோனியத்தின் குரல் மட்டுமே கேட்டது.

ஆராதனை முடிந்ததும், "பார்த்தியா, எல்லாரும் எப்படி மெய்மறந்து கேட்டாங்க!" என்று அது பூரித்தது.

தரையில் கிடந்த கோரைப்பாய் மெதுவாகச் சொன்னது: "அவங்களுக்கு அந்த உயரம் எட்டலைக்கா. என்மேல ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. பிள்ளையைப் புதைச்சிட்டு வந்தவ. இந்தப் பாட்டைப் பாடித்தான் பிள்ளையைத் தூங்க வைப்பேன்னு பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னா. ஆசையா வாயைத் திறந்தா, குரல் ஏறலை. பாதியில எழுந்து போயிட்டா."



அடுத்த ஞாயிறு, கஞ்சிரா எவ்வளவு கெஞ்சியும் கேளாமல், ஆர்மோனியம் அதே பாட்டைத் தாழ்வாக எடுத்தது. கிழவர்கள், பிள்ளைகள், எல்லாரும் பாடினார்கள். அத்தனை குரலுக்குள் தன் சத்தம் தனக்கே கேட்காமல் போனதில், அது அதுவரை அறியாத சந்தோஷம் இருந்தது.

"அவ பாடினாளா?" என்று பாயிடம் ஆவலாய்க் கேட்டது.

"அவ வரலைக்கா. அவ இடம் சும்மாதான் கிடக்கு."

அடுத்த பாட்டை ஆர்மோனியம் இன்னும் தாழ்வாக எடுத்தது, வாசலைப் பார்த்துக்கொண்டே. வாசலில் வெயில் மட்டும் நின்றது.