காலையில் செத்தவர்

லிஃப்ட் கதவு திறந்ததும் மயூரி வீரிட்ட சத்தத்தில், பருப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன். அவள் வீரிடாவிட்டாலும் வந்திருப்பேன்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குப் போன கிழமைதான் குடிவந்தவள், தாதிக்குப் படிக்கிற பிள்ளை. வெள்ளைச் சீருடையோடு சுவரில் ஒட்டி நின்று நடுங்கினாள்.

லிஃப்டுக்குள் முன்வீட்டு நாகேந்திரம் அண்ணை, கையில் முருங்கைக்காய்ப் பையோடு.

"இந்த அங்கிளைக் காலமை நான்தான் சாக விட்டனான்!"

அண்ணையின் மனைவி பாலேஸ்வரி அக்காவும் வந்துவிட்டார். இதைவிட நல்ல பின்னேரம் எனக்கு வாய்த்ததில்லை.

அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. கல்லூரியில் ஒரு வீ.ஆர். கண்ணாடியாம். மாட்டினால் கண்முன்னே வார்ட் தெரியும், கட்டிலில் நோயாளி கிடப்பார், மாரடைப்பு. பார்க்கிறவள் பிந்தினால் செத்துப்போவார். இன்றைக்கு இவள் பிந்திவிட்டாள். அந்த நோயாளி, முகமும் குரலும் அச்சொட்டாக நாகேந்திரம் அண்ணை.

"நடிச்சனீங்களோ?" என்றார் பாலேஸ்வரி அக்கா. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை!"

"கிருலப்பனையில ஒரு கொம்பனி. கமராவுக்கு முன்னால படுத்துக் கிடந்தனான், அவ்வளவுதான்."

தடிமன் வந்தாலே மூன்று வீட்டுக்குச் சொல்லுகிற மனிதர், தான் செத்ததை மறைத்திருக்கிறார்!

எனக்குச் சிரிப்பு. அவருக்கோ நெற்றியெல்லாம் வியர்வை. பிள்ளையின் வாயிலிருந்து எதுவோ வந்துவிடப்போகிறது என்கிற பயம் அது.

"நீர் போம் பிள்ளை, போய்ப் படும்," என்று துரத்தினார்.

பாலேஸ்வரி அக்கா விடவில்லை. "சாகேக்க என்னவும் சொன்னவரோ?"

வேண்டாம் என்று அண்ணை தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் அப்படிக் கெஞ்சி நான் கண்டதில்லை. அக்காவை உள்ளே கூட்டிப்போ என்கிறாராக்கும். எனக்கென்ன விசரா?

"பயப்படாமல் சொல்லும்," என்று மயூரியின் தோளைத் தட்டினேன். "உம்மை ஆரும் ஏசமாட்டினம்."

"சாகேக்க ஆரையாவது கூப்பிடச் சொல்லித்தான் எல்லாரையும் நடிக்க விட்டவையாம், அன்ரி. மற்ற ஆக்கள் அம்மா எண்டு கத்துவினம். இவர் மட்டும், 'சுபோதினி, என்ர கையை விடாதை' எண்டு..."

லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. பையில் முட்டி மறுபடி திறந்தது.

பாலேஸ்வரி அக்கா புருஷனைப் பார்க்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

என் கை இன்னும் பிள்ளையின் தோளில் இருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது.

"ஆர் அன்ரி அந்தச் சுபோதினி?" என்று மயூரி என்னைத்தான் கேட்டாள்.

புதுப் பிள்ளை. என் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும்?