போதகர் வீட்டுக்குப் போகும் கூடை

"உங்க வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் இன்னும் ஏறியிருக்கே!" என்றார் டோங்கா தீவு மருத்துவமனை நர்ஸ்.

லெசியேலி கொதித்தாள். "எப்படிங்க? நெஞ்சுவலி வந்த நாள்லேர்ந்து இவருக்குக் கீரையும் மீனும்தான். ஞாயித்துக்கிழமை குழியடுப்புல வேகுற ஆட்டுக்கறியை, கொழுப்போட அப்படியே கூடையில வச்சுப் போதகர் வீட்டுக்கு அனுப்பிடுறேன். இவரும் மனந்திருந்தி, வாராவாரம் சாயங்காலம் அங்க ஜெபத்துக்குப் போறார்!"

கணவன் விலியாமி கூரையைப் பார்த்தான்.

அடுத்ததாகக் காத்திருந்த போதகரின் மனைவி நெளிந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இதயக் கோளாறும்மா, கறியே ஆகாது. காணிக்கையைக் குப்பையில கொட்ட முடியுமா? அதான், ஜெபத்துக்கு வர்றவங்களுக்கே வச்சிடுறேன்."

"எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டாள் லெசியேலி.

"உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்!"

லெசியேலி மெதுவாகத் திரும்பினாள். விலியாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இந்தத் தடவை நிஜமாகவே ஜெபித்தான்.