தாழ்ந்த சத்தத்திலும் கிழியும் குரல்

பழவேற்காட்டு ஏரிக்காற்றில் பந்தல் ஓலை சலசலக்கிறது. ஊர்க்கூட்டத்தின் நடுவே டேப் ரிக்கார்டர் ஓடுகிறது. புருஷனைப் பறிகொடுத்த கோவிந்தம்மாளுக்கே ஏரியில் மாறிமாறி மீன்பிடிக்கும் வரிசையில் அவனுக்கிருந்த முறை சேரும் என்று, காலமான பழைய தலைவர் மைக்கில் கொடுத்த வாக்கு அதில் இருக்கிறது. ஆனால் கரகரவென்று இரைச்சல்தான் கேட்கிறது. மைக்செட் துலுக்காணம், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், அன்று அதைப் பதிந்தவன், சத்தத்தைக் குறைக்கிறான். குறைத்தாலும் குரல் கிழிந்தே வருகிறது. பதியும்போதே கிழிந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிகிறது. “அன்னிக்கு ஸ்பீக்கர் ஒயரை ரிக்கார்டரு மைக் ஓட்டையில சொருகினியாண்ணா?” “தெரியாம சொருகிட்டேம்மா.” “அப்பிடி சொருகினா கரண்டு மீறிப்போயி குரல் கிழிஞ்சிடும்னு எனக்குச் சொன்னதே நீதானே?” அவன் டேப்பை நிறுத்துகிறான். புதிய தலைவர் துண்டை உதறுகிறார். “பெரியவரு இன்னா சொன்னாருன்னே வெளங்கல. முறை, தனக்கு வேணும்னு கேட்டு வெச்ச துலுக்காணத்துக்கே.” அண்ணன் ஒயரைச் சுருட்டுகிறான். கோவிந்தம்மாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.