திறக்காத மூடி

வாணி விழா. கிளிநொச்சி வெயிலில் பள்ளிக்கூட மண்டபத்தின் தகரக் கூரை கொதிக்கிறது. வீடுகளிலிருந்து வந்த படையல்களெல்லாம் சரசுவதி படத்தின் முன் இருக்க, பாக்கியலெட்சுமி விடியவே எழும்பி அவித்த கடலைச் சட்டி மட்டும் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், மூடியபடி கிடக்கிறது. “தோட்டக்காட்டாரின்ர சமையலை ஆர் தின்னுறது?” என்று உள்ளே ரீச்சர் முணுமுணுப்பது, மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு இங்கேயே பிறந்து, தேயிலைத் தோட்டத்தைக் கண்ணாலும் கண்டிராத அவளுக்கு வாசலில் கேட்கிறது. வெளியே வந்த ரீச்சர் சிரித்தபடி விளக்குமாற்றை நீட்டுகிறார். “தங்கச்சி, வாசல் முத்தத்தை ஒருக்காக் கூட்டிவிடுங்கோவன்.” அவளைக் கேளாமலே அவளுடைய கை அதை வாங்கிக்கொள்கிறது. “அம்மா, எங்கட கடலையை ஏன் உள்ள வைக்கேல்லை?” என்கிறாள் மகள். “சாமிக்கு வயிறு நெறஞ்சு போச்சும்மா.” சொல்லி வாய் மூடவில்லை, பிந்தி வந்த ஒருத்தியின் மோதகத் தட்டை, “வாங்கோ, வாங்கோ” என்று ரீச்சர் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோகிறார். மகள் தாயைப் பார்க்கிறாள். பாக்கியலெட்சுமி கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டுகிறாள்.