பத்திரிகையில் ஒரு பெயர்

மாப்பிள்ளையின் பெரியப்பா பெரியண்ணன், மணப்பாறையிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீரங்கம் பைண்டிங் கடைக்கு வந்ததே சண்டை போடத்தான்.

கல்யாணப் பத்திரிகை குட்டிப் புத்தகமாகத் தைக்கப்பட்டிருந்தது. பெயர்களெல்லாம் காகிதத்தில் பிளேடால் பூப்போல வெட்டியெடுத்த எழுத்துகள்.

“பொண்ணோட அம்மா சந்திரம்மாள் பேரை எடுத்துடும்மா. புருஷன் இல்லாதவ பேரு முதல் பக்கத்துல ஆகாது.”

பசைக் கையோடு நிமிர்ந்தாள் கடைக்காரி.

“எடுக்க மாட்டேங்க.”

“மேல ஒரு காகிதத்தை ஒட்டு.”

“ஒட்டவும் மாட்டேன்.”

“கல்யாணமே நின்னுடும், தெரியுமா?”

“நிக்கட்டுங்க.”

“அதைச் சொல்ல நீ யாரு?” என்று எகிறினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க மாமா. பொண்ணு பார்க்க நீங்க வரலை, அதான் தெரியலை. நான்தான் பொண்ணு.”