நடுவில் வைத்த சட்டி

அந்தத் திருச்சபையில் ஐந்து பாஷைக்காரர்கள் உண்டு. எல்லாரும் கூடிச் சாப்பிடும் அன்பின் விருந்தன்று அவரவர் வீட்டுப் பாத்திரங்கள் நீள மேசையில் வரிசையாக உட்காரும். பிரியாணி அண்டாதான் அங்கே நாட்டாமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாகாலாந்துக் குடும்பம் மூங்கில் குருத்துப் போட்ட பன்றிக்கறியை ஒரு சட்டியில் கொண்டுவந்தது.

"வாங்க, வாங்க! கிறிஸ்துவுக்குள்ள நாம எல்லாரும் ஒரே சரீரம்," என்று அண்டா வாய் நிறைய வரவேற்றது. "மூடியை மட்டும் திறந்துடாதீங்க. அந்த வாசனை இங்கே பழக்கமில்லை பாருங்க. கதவோரமா உட்கார்ந்தா உங்களுக்கும் காத்தாட இருக்கும்."

"எனக்கு இப்பவே தலை வலிக்குது," என்றது பக்கத்திலிருந்த கருவாட்டுக் குழம்பு.

சட்டி கதவோரம் போனது.

ஜெபம் முடிந்ததும் கூட்டம் அண்டாவை மொய்த்தது. அதற்கிடையில் சபைச் செயலாளர் கேமராவோடு ஓடிவந்தார். "சபை காலண்டருக்கு ஒரு போட்டோ! எல்லா மாநிலமும் தெரியணும்!"

சட்டியைத் தூக்கி வந்து மேசை நடுவில் வைத்தார்கள். அண்டாகூடப் பெரிய மனசு பண்ணி அரை அடி நகர்ந்துகொண்டது. படம் எடுத்தானதும் சட்டி மறுபடி கதவோரத்துக்கே போனது.

சாயங்காலம் அண்டா சுரண்டக்கூட ஒன்றுமில்லாமல் பளபளத்தது. கனம் குறையாமல் வீட்டுக்குக் கிளம்பிய சட்டியைப் பார்த்து, அது பெருமையாகக் கேட்டது: "எப்படி நம்ம சபை? வேற எங்கேயாவது உங்களை இப்படி நடுவில வெச்சிருப்பாங்களா?"

"மாட்டாங்க," என்றது சட்டி. "சாப்பிட்டிருப்பாங்க."