எருமை பேசிய வாத்துப் பாஷை

கடல் தாண்டி வந்த வாத்து ஒன்று ஏரியில் தங்கியிருந்தது. அதன் பாஷையைப் பேச எருமைக்கும் ஆமைக்கும் ஆசை.

எருமை காலையில் மேயும்போது வாத்திடம் இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்ளும். மத்தியானம் அசைபோடும்போது அவற்றையும் சேர்த்து மெல்லும். சாயங்காலம் தண்ணீரில் கிடந்தபடி தப்பும் தவறுமாக வாத்திடமே பேசும்.

"புல்லோட சேத்து மெல்லுற படிப்பு உருப்படுமா அக்கா?" என்று ஆமை சிரிக்கும். அது ஓட்டுக்குள் இலக்கணம் படித்தது. முழுதாகத் தேறிய பிறகுதான் வாய் திறப்பதென்று இருந்தது.

ஒருநாள் வேடன் நாணலுக்குள் வலை விரித்துவிட்டுப் போனான். அது தெரியாமல் வாத்து அந்தப் பக்கமே நீந்தியது. ஆமை பதறிப்போய், பிழையில்லாத வாக்கியம் ஒன்றை மனதுக்குள் அடுக்கத் தொடங்கியது. அதற்குள் எருமை வாத்துப் பாஷையில் கத்தியது: "நாணல் கெட்டவன்! கால் கயிறு! நீ மேலே!"

வாத்து சட்டென்று எழும்பி எருமையின் முதுகில் வந்து உட்கார்ந்தது. "அது என்ன கயிறு?" என்று மூச்சு வாங்கக் கேட்டது.

ஆமை முந்திக்கொண்டு, முதல்முறையாக வாத்துப் பாஷையில், "வலை! நீ வலை! இல்லை, வலை நீ இல்லை!" என்றது.

எருமை அதைத் திருத்தியது. அதுவும் தப்பு.